கூரியர் செலவைக் கூட்டாமல் டெலிவரி தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா?

குறிப்பேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கையால் தைத்த குறிப்பேடுகள், மைப்பேனாக்கள், படிப்பதற்கான சிறு கிளிப் விளக்குகள் ஆகியவற்றை நானும் என் தங்கையும் இரண்டு இணையச் சந்தைகளில் விற்று வருகிறோம். பொருளின் தரம் பற்றிக் குறை சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் எங்கள் பக்கம் வரை வந்துவிட்டு வாங்காமல் திரும்புகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணம் தெரியாமல், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வாங்குபவரைப் போல வேறொரு கணக்கிலிருந்து எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொருளுக்குக் கீழே காட்டப்பட்ட தேதி அடுத்த வாரமும் கழிந்த திங்கள்கிழமை. அதாவது 10 நாள் தள்ளி. ஏறத்தாழ அதே விலைக்கு அதே மாதிரியான பொருளை விற்கும் இன்னொருவருக்கு 5 நாள்தான் காட்டியது.

எனக்குப் புரியாத இடம் இதுதான். சந்தையில் எங்கள் கடைக்கான அமைப்பில் (செட்டிங்ஸ்) கையாளும் நேரம், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து பொதியைக் கூரியரிடம் ஒப்படைக்கும் வரை, 2 வேலை நாள், பயண நேரம் 3 வேலை நாள் என்று கொடுத்திருக்கிறோம். ஆர்டரை அன்றைய கணக்கில் ஏற்கும் கடைசி நேரம் பிற்பகல் 2 மணி. கூட்டினால் 5தானே வர வேண்டும்? விரைவுக் கூரியருக்கு மாறினால் கிடைக்கும் சிறு லாபமும் அதிலேயே போய்விடும். செலவைக் கூட்டாமல் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் யாரேனும் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கட்டுமேசை

நீங்கள் 3 மணிக்குப் பார்த்ததாக எழுதியது நல்லதாயிற்று, ஏனென்றால் விடை அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. 2 மணி கடந்துவிட்டதால் அந்த ஆர்டர் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேரவில்லை. சனியும் ஞாயிறும் உங்கள் அமைப்பில் விடுமுறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே கணக்கு திங்களன்றுதான் தொடங்குகிறது. கையாளும் நேரம் 2 நாள் என்பதால் புதன்கிழமை பொதி கூரியர் கைக்குப் போகிறது. பிறகு வியாழன், வெள்ளி, மறுபடியும் இரண்டு விடுமுறை நாள், அதன்பின் திங்கள். ஐந்து வேலை நாள்கள் நாட்காட்டியில் பத்தாக நீண்டது இப்படித்தான்.

இப்போது கூரியரை மாற்றாமலே வேறு விதமாகக் கணக்கிடுங்கள். கடைசி நேரத்தை 4 மணி ஆக்குங்கள், கையாளும் நேரத்தை 1 நாள் ஆக்குங்கள், சனிக்கிழமையை வேலை நாளாகக் குறியுங்கள். அதே வெள்ளிக்கிழமை 3 மணி ஆர்டர் அன்றைய கணக்கிலேயே சேரும், சனிக்கிழமை கூரியரிடம் போகும், கூரியர் வார இறுதியில் வண்டியை ஓட்டாவிட்டாலும் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்றாம் பயண நாளில் வாங்குபவரிடம் சேரும். 10 நாள் 5 ஆகிவிட்டது. இதில் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சனிக்கிழமை பொதியை எடுக்க கூரியர் வர வேண்டும், அல்லது நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மையம் திறந்திருக்க வேண்டும். அதை உறுதி செய்யாமல் அமைப்பை மாற்றிவிடாதீர்கள்.

வேகம் என்றதும் நம்மில் பலர் கூரியரைத்தான் நினைக்கிறோம். ஆனால் வாங்குபவர் காத்திருக்கும் நாள்களில் கணிசமான பங்கு, பொதி நம் மேசையில் கிடக்கும் நேரமும் நாமே அமைப்பில் போட்டு வைத்த விடுமுறையும்தான். இவற்றைக் குறைக்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எண்கணக்கன்

கட்டுமேசை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எந்த எண்ணையும் மாற்றுவதற்கு முன் உங்கள் பழைய ஆர்டர்களை எடுத்து நான்கு நேரங்களை ஒரு விரிதாளில் எழுதிப் பாருங்கள்: ஆர்டர் வந்த நேரம், லேபிள் அச்சிட்ட நேரம், கூரியர் முதன்முதலில் ஸ்கேன் செய்த நேரம், வாங்குபவர் பெற்ற நேரம். சென்ற 200 ஆர்டர்கள் போதும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள இடைவெளியைப் பலர் கவனிப்பதே இல்லை. நாம் பொதியை ஒப்படைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்; அதுவோ ஸ்கேன் ஆகாமல் வண்டியில் ஒரு நாள் கிடந்திருக்கும். சந்தையின் கணக்குக்கு நம் நினைப்பு தெரியாது, ஸ்கேன் மட்டுமே தெரியும். ஒப்படைக்கும்போதே ஒவ்வொரு பொதியையும் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நாளின் எல்லாப் பொதிகளுக்கும் சேர்த்து ஒரே பார்கோடு கொண்ட ஒப்படைப்புப் பட்டியலைச் சில அஞ்சல் சேவைகள் தருகின்றன. அதை ஒரு தடவை ஸ்கேன் செய்தாலே அத்தனையும் ஏற்கப்பட்டதாகப் பதிவாகிவிடும்.

அடுத்து, சராசரியை நம்ப வேண்டாம். சராசரிப் பயண நேரம் 3 நாள் என்றால் பாதிக்கு நெருக்கமான பொதிகள் அதைத் தாண்டிப் போகவும் கூடும். நூறில் 95 பொதிகள் எத்தனை நாளுக்குள் சேர்ந்தன என்று பாருங்கள். அந்த எண்ணைத்தான் வாக்குறுதியாகக் கொடுக்கலாம். இங்கே ஒரு சிறு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பகுதி 95% சரியாக நடந்து, கூரியரின் பகுதியும் 95% சரியாக நடந்தால், இரண்டும் சேர்ந்து சரியாக நடப்பது 90% அளவே. அமேசான் தன் விற்பனையாளர்களிடம் தாமதமாக அனுப்பும் விகிதம் 4 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. 25 ஆர்டரில் ஒன்று தவறினாலே 4% ஆகிவிடும். ஆர்டர் எண்ணிக்கை குறைவாக உள்ள சிறு விற்பனையாளருக்கு இது எவ்வளவு நெருக்கடி என்று சொல்லத் தேவையில்லை.

நிதானம்

நெருக்கடி என்ற சொல்லைப் படித்ததும் என் அனுபவத்தை எழுதத் தோன்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், விற்பனை உச்சத்தைத் தொடும் பருவத்துக்குச் சற்று முன்பாக, கையாளும் நேரத்தை 2 நாளிலிருந்து அதே நாளுக்குக் கொண்டுவந்தேன். தேதி முன்னுக்கு வந்தது, ஆர்டரும் வந்தது, வழக்கத்தைவிட இரு மடங்கு வந்தது. அத்தனையையும் கட்டி அனுப்ப எங்களுக்குக் கை போதவில்லை. மூன்றாம் நாளே மேசை நிரம்பி, அடுத்த அறையின் தரையிலும் பொதிகள். தாமத விகிதம் ஏறி, சந்தையில் எங்கள் கணக்கின் நிலை எச்சரிக்கைச் சிவப்புக்குப் போய், அதிலிருந்து மீள எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. வாங்கியவர்களில் ஒருவர் பிறந்தநாள் பரிசு ஒரு நாள் தாமதமாக வந்ததாக எழுதியிருந்தார். அந்தக் குறிப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எனவே என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்யுங்கள். முதலில் கடைசி நேரத்தை மட்டும் தள்ளிப் பாருங்கள். இரண்டு வாரம் தாங்கினால் கையாளும் நேரத்துக்குப் போகலாம். கையாளும் நேரத்தை நீட்டினால் அது இனி வரும் ஆர்டர்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே வந்தவற்றுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும். ஆகவே மேசை நிரம்பிய பிறகு நீட்டுவதில் பயன் மிகக் குறைவு.

எண்கணக்கன்

நிதானம் அவர்களுக்கு நேர்ந்ததை முன்கூட்டியே கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. ஜான் லிட்டில் 1961இல் அதற்கு நிறுவல் தந்தார். காத்திருக்கும் வேலையின் அளவை, ஒரு நாளில் முடியும் வேலையின் அளவால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாகக் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். மேசையில் எப்போதும் 30 ஆர்டர்கள் கிடக்கின்றன, நாளொன்றுக்கு 15 அனுப்புகிறீர்கள் என்றால், ஓர் ஆர்டர் உங்களிடம் சராசரியாக 2 நாள் தங்குகிறது. அமைப்பில் 1 நாள் என்று எழுதிவிட்டால் இந்த உண்மை மாறிவிடாது. மேசையில் கிடப்பது 15க்குக் குறைய வேண்டும், அல்லது நாளொன்றுக்கு அனுப்புவது 30க்கு உயர வேண்டும். நாள்தோறும் மாலையில் மீதமிருக்கும் ஆர்டர்களை எண்ணி ஒரு தாளில் குறித்து வாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து அந்த எண் ஏறினால், அன்றே கையாளும் நேரத்தை ஒரு நாள் கூட்டிவிடலாம்.

கட்டுமேசை

அனுப்பும் எண்ணிக்கையை உயர்த்துவது என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பல சிறு விற்பனையாளர்கள் நாள் முழுவதும் ஆர்டரைச் சேர்த்து வைத்து மாலையில் ஒரே மூச்சில் கட்டுகிறார்கள். வசதியாகத் தோன்றும் இந்தப் பழக்கம்தான் கடைசி நேரத்தைப் பிற்பகலுக்குத் தள்ள விடாமல் தடுக்கிறது. காலையில் ஒரு தடவையும், கூரியர் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக இன்னொரு தடவையும் கட்டினால், இரண்டாம் தடவையில் மிஞ்சியிருப்பவை மிகச் சிலவாகத்தான் இருக்கும். கடைசி நேரத்தையும் துணிந்து நகர்த்தலாம்.

அதிகம் விற்கும் பத்துப் பன்னிரண்டு பொருள்களை அலமாரியின் மூலையிலிருந்து எடுத்து, கை எட்டும் உயரத்தில், மேசைக்கு அருகே வையுங்கள். குறிப்பேடு போல உடையாத, அளவு மாறாத பொருளை ஆர்டர் வருவதற்கு முன்பே பெட்டியில் கட்டி வைத்துவிடலாம்; ஆர்டர் வந்ததும் லேபிளை ஒட்டுவது மட்டுமே வேலையாக இருக்கும். இரண்டு மூன்று பெட்டி அளவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எந்தப் பொருளுக்கு எந்தப் பெட்டி என்பதை அலமாரியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பெட்டியைத் தேடும் நேரம் கட்டும் நேரத்தைவிட அதிகமாக இருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பெட்டி அளவைப் பற்றி இன்னொன்று. விரைவுக் கூரியர்கள் பலர் உண்மையான எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான முறை. 40க்கு 30க்கு 20 அளவுள்ள பெட்டி 4.8 கிலோவாகக் கணக்கிடப்படும். 35க்கு 25க்கு 15 அளவுள்ளது 2.6 கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே இருப்பது அதே பொருள்தான். பெட்டியைச் சுருக்குவதில் மிச்சமாகும் தொகையே சில வேளைகளில் ஒரு படி வேகமான சேவைக்குப் போதுமானதாக இருக்கும். செலவைக் கூட்டாமல் என்று நீங்கள் கேட்டதற்கு இதுவும் ஒரு பதில்.

இருகிடங்கு

மேசையை ஒழுங்குபடுத்துவது ஓர் எல்லை வரைதான் உதவும். வாங்குபவர்களின் எதிர்பார்ப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அமேசான் 2005இல் பிரைம் என்ற கட்டணத் திட்டத்தின் உறுப்பினர்களுக்கு இரண்டு நாள் டெலிவரியைக் கொண்டுவந்தது. 2006இல் மற்ற விற்பனையாளர்களின் பொருளையும் தன் கிடங்கில் வைத்து அனுப்பும் சேவையைத் தொடங்கியது. 2019இல் இரண்டு நாளை ஒரு நாளாக்கப் போவதாக அறிவித்தது. ஓரிடத்தில் இருந்துகொண்டு தொலைவில் உள்ளவருக்கு ஒரு நாளில் கொடுப்பது எவ்வளவு நல்ல மேசையாலும் நடக்காது. பொருள் வாங்குபவருக்கு அருகில் இருக்க வேண்டும்; அதற்குச் சந்தையின் கிடங்கையோ, பல விற்பனையாளர்களுக்காக அனுப்பிக் கொடுக்கும் தனியார் கிடங்கையோ பயன்படுத்த வேண்டும்.

எல்லாப் பொருளையும் அங்கே அனுப்பிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கையிருப்பைப் பல இடங்களில் பிரித்தால், எதிர்பாராத தேவைக்காக வைத்திருக்கும் பாதுகாப்புக் கையிருப்பு கிடங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்பது நம் தொழிலில் பழகிய கணக்கு. ஒரே கிடங்கு நான்கானால் பாதுகாப்புக் கையிருப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அவ்வளவு பணம் பொருளாக முடங்கும். வேகமாக நகரும் ஐந்தாறு பொருளுக்கு மட்டும் இது பொருந்தும்.

நிதானம்

இருகிடங்கு அவர்கள் சொல்வதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. தொலைக் கிடங்குக்குப் பொருள் போய்ச் சேர்ந்து, எண்ணப்பட்டு, விற்பனைக்குத் தயார் என்று பதிவாகும் வரை அது யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. உச்சப் பருவத்தில் இந்தக் காத்திருப்பு நீளும். அந்த நாள்களில் கையில் பொருள் இருந்தும் விற்க முடியாத நிலை வரும். கிடங்குக்கு அனுப்பினாலும் ஒரு பங்கை வீட்டிலேயே வைத்து, அங்கே தீர்ந்தால் இங்கிருந்து அனுப்பும்படி அதே பொருளுக்கு இரண்டாவது விற்பனைப் பதிவு ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. கையால் தைக்கும் குறிப்பேடுகள் வாரத்துக்கு எத்தனை உருவாகும் என்பதைக் குறிப்பேடு அவர்கள் சொல்லவில்லை. அது தெரியாமல் கிடங்கைப் பரிந்துரைப்பது அவசரம் என்று நினைக்கிறேன்.

மரச்சிற்பி

ஆர்டர் வந்த பிறகே செய்யும் பொருள்களை விற்பவன் நான். என் அமைப்பில் கையாளும் நேரம் 12 நாளாக இருந்தது, இப்போது 4 நாள். செய்தது ஒன்றுதான்: வாங்குபவரின் விருப்பம் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய வேலை அனைத்தையும் முன்கூட்டியே முடித்து வைத்தேன். பெயர்ப்பலகையின் மரம் அறுத்து, இழைத்து, ஓரம் தேய்த்துக் காத்திருக்கிறது. ஆர்டர் வந்ததும் எழுத்தைச் செதுக்கி மெருகு பூசுவது மட்டும்தான் மீதி. ஆடைத் தொழிலில் பெனட்டன் நிறுவனம் நூலுக்கு முதலில் சாயமேற்றிப் பின்னுவதற்குப் பதிலாக, பின்னிய பிறகு சாயமேற்றும் முறையால் பெயர் பெற்றது. எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்தபின் அவர்களால் நிறத்தைத் தீர்மானிக்க முடிந்தது. என் பட்டறையும் அவர்களுடைய ஆலையும் எந்த விதத்திலும் ஒப்பல்ல, ஆனால் வழி அதேதான்.

குறிப்பேடு அவர்களே, உங்கள் குறிப்பேட்டில் அட்டையின் நிறத்தை வாங்குபவர் தேர்ந்தெடுக்கிறாரா? அப்படியானால் உள்தாள்களைத் தைத்து வைத்துவிட்டு, அட்டையை மட்டும் ஆர்டர் வந்தபின் ஒட்டலாமே.

குறிப்பேடு

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து வாரம் கழித்து, செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் எண்கணக்கன் சொன்ன விரிதாள். 200 ஆர்டர்களையும் எழுத எங்களுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. தாமதமான பொதிகளில் பெரும்பாலானவை குறிப்பேடோ பேனாவோ அல்ல, கிளிப் விளக்குகள். அவற்றின் உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் கூரியர் அவற்றை விமானத்தில் ஏற்றாமல் சாலை வழியாக அனுப்புகிறது. பயணம் 3 நாளில் முடிவதே இல்லை. எல்லாப் பொருளையும் ஒரே ஷிப்பிங் டெம்ப்ளேட்டில் (பயண நேரத்தைக் குறித்து வைக்கும் அமைப்புத் தொகுப்பில்) வைத்திருந்ததால், விளக்குக்கும் அதே வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, தாமதத்தின் பழியைக் கணக்கு முழுவதும் சுமந்திருக்கிறது. விளக்குக்குத் தனி டெம்ப்ளேட் உருவாக்கி 6 நாள் என்று போட்டோம். அதன் விற்பனை சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் மற்ற பொருள்களின் தேதியைத் தொட எங்களுக்குத் துணிவு வந்ததே அதன் பிறகுதான்.

நிதானம் அவர்களின் பேச்சைக் கேட்டு ஒவ்வொன்றாகவே மாற்றினோம். கடைசி நேரம் 4 மணிக்கு நகர்ந்தது. இரண்டு வாரம் கழித்து, முன்கூட்டியே தைத்து வைத்த உள்தாள்களின் துணையோடு கையாளும் நேரத்தை 1 நாளாக்கினோம். அட்டை ஒட்டும் வேலையைத் தங்கை காலையிலேயே முடித்துவிடுகிறாள். சனிக்கிழமைக்குக் கூரியர் வர மறுத்துவிட்டது. ஆனால் அவர்களுடைய மையம் நண்பகல் வரை திறந்திருக்கிறது என்று தெரிந்தது, ஆகவே நானே கொண்டுபோய்க் கொடுத்து, கண்முன் ஸ்கேன் செய்த பிறகே திரும்புகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மறுபடியும் அந்த வேறொரு கணக்கிலிருந்து பார்த்தேன். புதன்கிழமை என்று காட்டியது. என் தங்கையை அழைத்து அவளுக்கும் காட்டினேன்.

வாரத்துக்கு எங்களால் 60 குறிப்பேடுகளுக்கு மேல் தைக்க முடியாது. ஆகவே கிடங்கு யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். இரண்டு சந்தைகளிலும் ஒரே கையிருப்பைக் காட்டுவதால், ஒரு வாரத்தில் இரு முறை இல்லாத பொருளுக்கு ஆர்டர் வந்து ரத்து செய்ய நேர்ந்தது. கடைசி இரண்டு பிரதிகளை எந்தச் சந்தையிலும் காட்டாமல் மறைத்து வைத்ததும் அது நின்றுவிட்டது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மலைப்பகுதிக்கும் தீவுகளுக்கும் போகும் பொதிகள் மட்டும் 5, 6 நாள் எடுத்துக்கொள்கின்றன. நூறில் நான்கைந்துதான். அவற்றுக்காக எல்லோருக்கும் பயண நேரத்தை 4 நாளாக்க வேண்டுமா, அல்லது அந்தச் சில தாமதங்களைப் பொறுத்துக்கொள்ளலாமா?

கட்டுமேசை

இரண்டும் வேண்டாம். டெம்ப்ளேட்டுக்குள்ளேயே பகுதிகளைப் பிரிக்கும் வசதி உங்கள் சந்தையில் இருந்தால், அந்தப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து 6 நாள் என்று கொடுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு 3 நாளில் எதுவும் வருவதில்லை என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். 6 என்று சொல்லி 5இல் கொடுத்தால் அவர்கள் மறுபடி வருவார்கள். அதே பிரிவில் உங்களுக்கு மிக அருகே உள்ள பகுதிகளையும் பாருங்கள். விரிதாளில் அவற்றுக்கு 2 நாள் என்று வருகிறதா? வந்தால் அங்கே 3 என்று காட்டிக்கொண்டிருப்பதும் நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ளும் இழப்புதான்.

எண்கணக்கன்

சேர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. பகுதி வாரியாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 30 பொதிகளாவது விரிதாளில் இருக்கட்டும். நான்கைந்து பொதிகளை வைத்துக்கொண்டு ஒரு பகுதிக்கு 2 நாள் என்று முடிவு செய்ய வேண்டாம். அண்டைப் பகுதிகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும், ஏனென்றால் கூரியர்கள் வழித்தடங்களை மாற்றும்போது நமக்குச் சொல்வதில்லை.

குறிப்பேடு

புரிந்தது. அருகிலுள்ள பகுதிகளுக்கு எங்களிடம் 44 பொதிகளின் பதிவு இருக்கிறது. அவற்றில் 42 இரண்டு நாளுக்குள் சேர்ந்திருக்கின்றன. திங்கள்கிழமை காலையில் அந்தப் பகுதியைப் பிரித்துவிடுகிறேன். தீவுகளுக்கு 6 நாள் என்று இப்போதே மாற்றிவிட்டேன்.